திருவெறும்பூருக்கு வந்த செக்கோஸ்லோவாகியா

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் செல்வோர் திருவெறும்பூரை அடுத்து நீண்டு பரந்து கிடக்கும் பெரிய கொதிகலன் ஆலையைக் காணாமற் போக இயலாது. 'பெல்' என்று சுருக்கமாக வழங்கப்பெறும் அவ்வாலையில் நம் அங்கத்தினர் பலருடைய பிள்ளைகள் வேலை பார்த்திருக்கிறார்கள்; சிலருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பார்க்கிறார்கள். ஆயினும் அவ்வாலை எந்த நாட்டின் துணைகொண்டு எழுந்தது என்று கேட்டால், ருஷியா என்று சிலரும் ஜெர்மனி என்று சிலரும் விடை கூறக் கேட்டிருக்கிறோம். இரண்டும் அல்ல. அந்நாட்டின் பெயர் செக்கோஸ்லோவாகியா. அப்பெயருடைய நாடு இன்று உலகப் படத்தில் இல்லை. 1993ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், செக் குடியரசு என்றும் ஸ்லோவாகியா என்றும் அது இரண்டு நாடுகளாகப் பிரிந்துவிட்டது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பியர் பந்தியில் ஒன்றாக உட்காருவது போல அவ்விரண்டு நாடுகளும் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தே அமர்ந்திருக்கின்றன.

தூதர்கள், ஒப்பந்தங்கள், கடன்கள் ஆகியவற்றைப் பற்றி நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இத்திங்களிதழில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஆலைக்கு வந்த யந்திரங்களுக்கு விலையாகச் சென்றவை டாலரும் அல்ல, பவுனும் அல்ல. தோலும் தேயிலையும் மிளகும் புகையிலையும் பிண்ணாக்கும் துணியுமே. அஃதாவது, நம்முடைய பண்டங்களே அவ்விலையைச் செலுத்தின. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் நமக்குக் கிட்டியது என்ன, குறைந்தது என்ன என்பதை அறிந்துகொள்வது எந்தச் சங்கத்துக்கும் பயன் தருவது என்று நாம் கருதுகிறோம்.

பழைய நட்பு

செக்கோஸ்லோவாகியா ஐரோப்பாவின் நடுவில், கடற்கரையே இல்லாமல் இருந்த சிறு நாடு. முதல் உலகப் போரின் முடிவில், 1918ஆம் ஆண்டில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியபோது அது தோன்றியது. நாடு சிறிதாயினும் அதன் தொழிற்பழக்கம் நெடியது. பில்சன் நகரத்து ஸ்கோடா ஆலையின் யந்திரங்களும் பிர்னோ நகரத்துக் கம்பளி நெசவும் அதற்கு முன்பே பெயர் பெற்றவை. ஸ்லின் என்னும் ஊரில் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்த தாமஸ் பாட்டா தொடங்கிய கம்பெனியை நாம் எல்லோரும் அறிவோம். அதன் செருப்பை நம் நாட்டுச் செருப்பு என்றே பலரும் எண்ணி அணிந்து வருகிறோம். கல்கத்தாவுக்கு அருகில் பாட்டாநகர் 1930களில் எழுந்தது.

கவி தாகூர் 1921ஆம் ஆண்டிலும் 1926ஆம் ஆண்டிலும் பிராக் நகருக்குச் சென்றார். வின்சென்ஸ் லெஸ்னி என்ற செக் பேராசிரியர் வங்காளி மொழி கற்று, சாந்திநிகேதனத்துக்கு வந்து தங்கினார். 1938இல் ஜவாஹர்லால் நேரு அந்நாட்டுக்குச் சென்றிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மூனிச் நகரில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கு அரசுகளும் கூடி, செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு எடுத்துக் கொடுத்தன. யாருடைய நிலத்தைப் பற்றிய பேச்சோ அந்நாட்டின் பிரதிநிதிக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. தான் கேட்கப்படாமலே தன் சொத்து பிறருக்குப் போய்ச் சேரும் அவலத்தை அடிமைப்பட்டிருந்த இந்தியாவின் தலைவர்களைவிட நன்றாக உணரக்கூடியவர் யார்? நேரு அந்த அநீதியைக் கண்டித்து ஆங்கிலப் பத்திரிகையிலேயே எழுதினார். பிற்காலத்து உறவுக்கு இந்த நினைவு ஒரு வித்தாக இருந்தது.

நாம் விடுதலை பெற்று மூன்று திங்கள் நிறைந்த சில நாட்களிலேயே, 1947ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாளில், இரு நாடுகளுக்கும் இடையே தூதுறவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அங்குக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிற்று. எந்தக் கூட்டணியிலும் சேராத நம் நாடு, ஆட்சி முறை எதுவாயினும் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்ற கொள்கையோடு உறவைத் தொடர்ந்தது. 1955இல் நேரு பிரதமராக மீண்டும் பிராக் சென்றார்.

கூட்டுறவாளருக்கு இங்கு ஒரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஸ்லோவாகியாவில் சொபோதிஷ்தே என்ற கிராமத்தில், சாமுவேல் யுர்கோவிச் என்ற பள்ளி ஆசிரியர் 1845ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் விவசாயிகளுக்காக ஒரு நாணயச் சங்கத்தைத் தொடங்கினார். ராச்டேல் முன்னோடிகள் இங்கிலாந்தில் கடை திறந்தது 1844 டிசம்பரில். அஃதாவது, இரண்டுக்கும் இடையே சில வாரங்களே. ரைபைசன் பெயரை நாம் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் கேட்கிறோம். அவருக்கும் முன்னதாகவே கிராமத்துச் சேமிப்பையும் கடனையும் ஒன்றாக இணைத்த இந்த ஆசிரியரை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. அச்சங்கத்தில் சேருவோர் மதுக்கடைக்குச் செல்லலாகாது. ஆண்டுதோறும் மரக்கன்று நடவேண்டும். பங்குத்தொகையைவிட இந்த இரண்டு நிபந்தனைகளும் வசூல் செய்வதற்குக் கடினமானவை என்பது எங்களைப் போன்ற இன்ஸ்பெக்டர்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளே அது நடந்தது. நம் மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1890களில் நாணயச் சங்கங்களைப் பற்றி அறிக்கை எழுதி, 1904இல் சட்டம் வந்து, அவ்வாண்டிலேயே திருவல்லிக்கேணியிலும் திரூரிலும் சங்கங்கள் எழுந்தபோது, சொபோதிஷ்தேயில் நட்ட கன்றுகள் அறுபது வயது மரங்களாகியிருக்கும்.

ரூபாய்க் கணக்கு

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் நம் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போயிற்று. கனரக யந்திரங்கள் தேவை; வாங்க டாலர் இல்லை. மேல்நாட்டுக் கம்பெனிகள் மின் யந்திரத்தை விற்க முன்வந்தன. அதைச் செய்யும் வித்தையைக் கற்றுக்கொடுப்பதற்கு அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. இந்நிலையில் சோவியத் நாடும் செக்கோஸ்லோவாகியாவும் நீண்ட தவணையில், குறைந்த வட்டியில், யந்திரங்களாகவே கடன் தர இசைந்தன. செக்கோஸ்லோவாகியாவுடன் 1959இல் ஓர் உடன்பாடும் 1964இல் மற்றோர் உடன்பாடும் கையெழுத்தாயின.

கடனைத் திருப்பும் முறையிலேதான் புதுமை இருந்தது. நம்முடைய நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினர் நூலைக் கடனாகப் பெற்றுச் செல்கிறார். பணமாக அவர் அதைத் திருப்புவதில்லை. துணியாக நெய்து கொண்டுவந்து போடுகிறார். சங்கம் கணக்கில் வரவு வைத்துக் கொள்கிறது. இரு நாடுகளுக்கும் இடையில் நடந்தது இதுவே. அங்கிருந்து யந்திரம் வந்தால் அதன் மதிப்பு இந்திய ரூபாயில் ஒரு கணக்கில் ஏறும். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் இந்தியச் சந்தையிலேயே பண்டம் வாங்கிச் செல்வார்கள். நடுவில் டாலர் நுழையாது. இவ்வகையில் இரும்புத் தாதும் தோலும் தேயிலையும் காப்பியும் மிளகும் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும் துணியும் அங்குச் சென்றன. அந்நாட்டு மாட்டுக்கு நம் கடலைப் பிண்ணாக்கு. நம் நாட்டு மின் நிலையத்துக்கு அவர்கள் கொதிகலன்!

இம்முறையால் விவசாயிக்கும் நெசவாளிக்கும் நன்மை உண்டாயிற்று என்பதில் ஐயமில்லை. மேல்நாட்டுச் சந்தையில் விலை சரியும் காலத்திலும் இப்பக்கம் வாங்குவோர் இருந்தனர். ஆனால் குறைகளும் இருந்தன. நம்மிடம் ரூபாய்க்கு வாங்கிய பண்டத்தைக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சில மேலை நாடுகளில் டாலருக்கு மறுவிற்பனை செய்தன என்ற புகார் நெடுங்காலம் இருந்தது. நூலை வாங்கிச் சென்ற அங்கத்தினர் துணியை வெளி வியாபாரியிடம் போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இப்புகார் வியப்பளிக்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. 1966ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நம் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை 4 ரூபாய் 76 பைசாவாக இருந்த ஒரு டாலர் 7 ரூபாய் 50 பைசாவாயிற்று. 'நம் கடன் ரூபாயில்தானே, நமக்கென்ன' என்று இருந்துவிட முடியவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளுடன் செய்துகொண்ட ரூபாய் உடன்பாடுகளில் ரூபாயின் தங்க மதிப்பு மாறினால் கடன் தொகையும் மாறும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஆகவே அதே கடனைத் தீர்க்க முன்னைக் காட்டிலும் மிகுந்த பண்டம் அனுப்ப நேர்ந்தது. சங்கங்கள் ஒப்பந்தம் செய்யும்போது முதற்பக்கத்துத் தொகையை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடும் நிர்வாகக் குழுவினர் இந்நிகழ்ச்சியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

கொதிகலன் என்பது யாது?

செக்கோஸ்லோவாகியாவின் உதவி மூன்று ஊர்களில் பெரும் ஆலைகளாக உருக்கொண்டது. ராஞ்சியில் வார்ப்படமும் உலைக்கூடமும், ஐதராபாத்துக்கு அருகில் ராமச்சந்திரபுரத்தில் மின் சுழலிகள், திருவெறும்பூரில் உயர் அழுத்தக் கொதிகலன். ஐதராபாத்துச் சுழலியைச் சுழற்றுவது திருவெறும்பூர்க் கொதிகலனின் நீராவி. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

நெல் அவிக்கும் கொப்பரையை அறியாதவர் நம்முள் இல்லை. மூடியை இறுக்கினால் ஆவி அதனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளும் வலிமையைத்தான் அழுத்தம் என்கிறோம். மின் நிலையத்துக் கொதிகலன் பல மாடி உயரமுள்ளது. அதன் அடுப்பின் சுவர் செங்கல்லால் ஆனதன்று. நெருக்கமாக நிறுத்திய எஃகுக் குழாய்களே சுவர். குழாய்களுக்குள் நீர் ஓடுகிறது. மாவைப்போல் பொடித்த நிலக்கரியைக் காற்றோடு கலந்து நடுவில் எரிக்கிறார்கள். நீர் ஆவியாகி, மேலேயுள்ள பெரிய உருளையிற் சேர்ந்து, மீண்டும் சூடேற்றப்பட்டு, நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தோடு சுழலியின் இலைகளின்மேல் பாய்கிறது. ஆயிரக்கணக்கான பற்றவைப்பு இணைப்புகளில் ஒன்று பழுதாயினும் முழு நிலையமும் நிற்கும். ஆகவேதான் இணைப்புகளை எக்ஸ்ரே படம் எடுத்துச் சோதிக்கிறார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிந்துகொண்டு நெய்யலாம். இங்கு அது நடவாது.

இத்தகைய ஆலைக்குத் திருவெறும்பூரைத் தேர்ந்ததற்குக் காமராஜரைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகள் பல. கதைகள் ஒருபுறம் இருக்க, காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. அருகில் காவிரி, பல திசைகளுக்கும் பிரியும் ரயில் பாதை, 1928 முதல் பொன்மலை ரயில் பணிமனையில் இரும்பு வேலை பழகிய தொழிலாளர், நஞ்சை நிலத்தைத் தொடாமல் கிடைத்த மேட்டு நிலம். முதலமைச்சர் காமராஜரும் தொழிலமைச்சர் ஆர். வெங்கட்ராமனும் விடாது முயன்றதும் உண்மை. 1965இல் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. நம் பொறியாளர்கள் அங்குச் சென்று கற்றார்கள். அவர்கள் நாட்டு நிபுணர்கள் இங்கு வந்து வெயிலில் நின்று கற்பித்தார்கள். 60 மெகாவாட், 110 மெகாவாட் அளவுள்ள மின் தொகுதிகள் செக் வரைபடங்களின்படி உருவாயின. அதற்கும் பெரியவற்றுக்கு 1970களில் அமெரிக்கக் கம்பெனியொன்றின் நுட்பத்தை நாடவேண்டி வந்தது. அதைச் செக் உதவியின் தோல்வி என்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. முதல் ஆசிரியரிடம் எழுத்து கற்றவனே இரண்டாம் ஆசிரியரிடம் இலக்கணம் கேட்க முடியும்.

தறிக்கும் வயலுக்கும்

மின்சாரம் தவிர நெசவாளருக்கு நேரான தொடர்பு ஒன்றுண்டு. 'ஓ.ஈ. நூல்' என்று கரூரிலும் சென்னிமலையிலும் வழங்கும் நூலைக் கையாண்டவர்கள் அதன் பிறப்பிடத்தை அறிந்திருக்கமாட்டார்கள். செக்கோஸ்லோவாகியாவின் ஊஸ்தி நாட் ஓர்லிசி என்ற சிற்றூரில் இருந்த பருத்தி ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான நூற்பு முறை அது. 1960களின் பிற்பகுதியில் 'பி.டி. 200' என்ற யந்திரமாக உலகச் சந்தைக்கு வந்தது. பழைய முறையில் கதிரே சுழன்று முறுக்கேற்றி நூலைச் சுற்றிக்கொள்ளும். புதிய முறையில் பஞ்சு இழை இழையாகப் பிரிந்து, விரைந்து சுழலும் ஒரு சிறு கிண்ணத்தின் உட்சுவரில் படிந்து, அங்கிருந்து முறுக்கேறி நூலாக வெளிவருகிறது. முறுக்கேற்றுவதும் சுற்றுவதும் வேறு வேறாகிவிட்டதால் வேகம் பல மடங்கு கூடிற்று. குட்டை இழைப் பஞ்சும் கழிவுப் பஞ்சும்கூட நூலாயின. துண்டு, போர்வை, ஜமக்காளம் போன்ற தடித்த ரகங்களுக்கு ஏற்ற மலிவான நூல் கிடைத்தது. ஆனால் அதன் வலிமை வளைய நூலுக்குச் சற்றுக் குறைவு. நயமான புடவைக்கு அது உதவாது. அத்தகைய புடவைக்கு அந்நூலை மறைத்துக் கலந்து விற்போரைச் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

நாடா இல்லாமல் நீர்த்துளியின் வேகத்தாலேயே ஊடை இழையைச் செலுத்தும் தறியைக் கண்டவரும் ஒரு செக் நாட்டவரே, விளாதிமீர் ஸ்வாதி. நம் கைத்தறிக்கு இவை நன்மை செய்தனவா என்று கேட்டால், நேராக இல்லை என்பதே விடை. யந்திரம் விரைந்தால் கைத்தறி நெருக்கப்படும்.

உழவருக்கு அந்நாட்டின் ஜெட்டார் டிராக்டர். பிர்னோ நகரத்து அந்த வண்டியை எச்.எம்.டி. நிறுவனம் 1971 முதல் பிஞ்சோரில் 25 குதிரைத்திறனில் செய்யலாயிற்று. மைசூரில் செய்யப்பட்ட ஜாவா மோட்டார் சைக்கிளும் அந்நாட்டுப் பிறப்பே.

1968

நட்பில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் இரவில் சோவியத் நாடும் அதன் கூட்டு நாடுகளும் தம் படைகளைச் செக்கோஸ்லோவாகியாவினுள் செலுத்தின. அந்நாட்டு அரசு சில சீர்திருத்தங்களைத் தொடங்கியிருந்தது, குற்றம் அவ்வளவே. இந்திரா காந்தி பார்லிமெண்டில் வருத்தம் தெரிவித்தார். ஆனால் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் கண்டனத் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிற்று. அதனை ஏற்காமல் மத்திய அமைச்சர் அசோக் மேத்தா பதவி விலகினார். 1938இல் அந்நாட்டுக்காகப் பேசிய நாடு 1968இல் வாய் மூடி நின்றது. இராணுவத் தளவாடத்துக்கும் எஃகுக்கும் சோவியத் நாட்டையே நம்பியிருந்த நிலையில் வேறென்ன செய்ய இயலும் என்று வாதிப்பர். அந்த வாதமே, ஒருவரை மட்டும் நம்பியிருப்பவன் தன் குரலை எவ்வளவு இழக்கிறான் என்பதைக் காட்டுகிறது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய அறிஞர்களில் ஒருவர் கமில் சுவலெபில். 1927இல் பிராகில் பிறந்து, தமிழைக் கற்று, தமிழிலக்கியத்தை மேலை நாட்டாருக்கு விளக்குவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர், பிற்காலத்தில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார், 2009இல் மறைந்தார். திருவெறும்பூர் ஆலை தொடங்கிய அதே 1965இல் அவருடைய சிலப்பதிகார மொழிபெயர்ப்பு செக் மொழியில் வெளிவந்தது. கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரையாக நடந்து, திருவரங்கத்தைக் கடந்து, உறையூரில் தங்கிச் செல்லும் பகுதியை அந்நாட்டவர் தம் மொழியில் படித்தனர். கொதிகலன் ஆலையைக் கட்ட வந்தவர்களுள் யாரேனும் அந்நூலைப் படித்துவிட்டு உறையூருக்கு வந்திருந்தால், சோழர் தலைநகரைக் கண்டிரார். தறியின் ஓசையையாவது கேட்டிருப்பார்.

ஒரே வாடிக்கை

1989இல் கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. தொடர்ந்து ரூபாய் வாணிபமும் முடிவுற்றது. அதன் விளைவை அறிய இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். சோவியத் சந்தைக்கென்றே பின்னலாடை செய்துவந்த லூதியானா, வாங்குபவர் மறைந்ததும் தத்தளித்தது. நம் திருப்பூரோ 1970களின் இறுதியிலிருந்தே மேலை நாடுகளுக்கு அனுப்பப் பழகியிருந்ததால், அதே ஆண்டுகளில் வளர்ந்தது.

திருச்சியிலும் இதன் நிழலைப் பிற்காலத்தில் கண்டோம். கொதிகலன் ஆலையைச் சுற்றித் துவாக்குடியிலும் அதன் அயலிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. பெரிய ஆலை தரும் வேலையே அவற்றின் உயிர். 2010களின் நடுவில் புதிய அனல் மின் நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்தபோது பெரிய ஆலை தாங்கிக்கொண்டது. பட்டறைகள் பல பூட்டப்பட்டன. கடன் வாங்கி யந்திரம் போட்டவர்கள் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று. நம் கைத்தறிச் சங்கங்கள் சிலவும் ஆண்டு முழுவதும் அரசாங்கத்தின் இலவச வேட்டி சேலைத் திட்டத்தை மட்டுமே எதிர்நோக்கி நிற்கின்றன. 1983இல் தொடங்கிய அத்திட்டம் எத்தனையோ குடும்பங்களைப் பசியிலிருந்து காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆணை ஒரு திங்கள் தாமதமானால் தறி நின்றுவிடும் சங்கத்தைத் தணிக்கை செய்யும்போது, இலாப நட்டக் கணக்கைவிட அதன் வாடிக்கைக்காரர் பட்டியலே எங்களுக்குக் கவலை தருகிறது. அப்பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

இன்றைய உறவின் திசை மாறியுள்ளது. ஸ்லோவாகியாவின் நித்ரா நகரில் 2018இல் திறக்கப்பெற்ற மோட்டார் ஆலை டாட்டா குழுமத்துக்குச் சொந்தமான கம்பெனியுடையது. கடன் வாங்கிக் கற்ற நாடு அங்குச் சென்று ஆலை நடத்துகிறது. செக் குடியரசுடன் 2024 ஜனவரியில் புதிய நுட்பங்களுக்கான கூட்டுறவு உடன்பாடு ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஸ்லோவாகியா சென்று வந்தார்.

நம் சங்கங்கள் அந்நாடுகளுக்குத் துணி அனுப்ப விழைந்தால் இனி ரூபாய்க் கணக்கு உதவாது. இரண்டு நாடுகளும் 2004 மே முதல் நாளன்று ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்துவிட்டமையால், அவ்வொன்றியத்தின் விதிகளே அங்கும் செல்லும். அவற்றுள் முதலாவது சாயம் பற்றியது. உடலுக்குத் தீங்கான அமீன்களை வெளியிடும் அசோ சாயங்கள் தடை செய்யப்பட்டவை. அத்தகைய அமீன் ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் காணப்பட்டால் சரக்கு ஏற்கப்படாது. ஆகவே சாயப் பட்டறையிலிருந்து ஒவ்வொரு முறையும் சாயத்தின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கவேண்டும். மாதிரித் துணியை ஜவுளிக் கமிட்டியின் சோதனைக்கூடத்தில் சோதித்துச் சான்று பெறவேண்டும். ஏற்றுமதி பற்றிய விவரங்களுக்குச் சென்னையில் உள்ள கைத்தறி ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவை அணுகலாம். அக்குழுவும் 1965இல் அமைக்கப்பெற்றதே.